ஷானன் வரைந்த படத்தில் ‘ம்’ எங்கே?

விஸ்காம் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: “அனுப்புநர், செய்தி, ஊடகம், பெறுநர் என்று கட்டம் கட்டமாகப் படம் போட்டுப் படிக்கிறோம். வாட்ஸ்அப் காலத்தில் அதெல்லாம் இன்னும் பொருந்துமா? டிஜிட்டல் தொழில்நுட்பம் தொடர்பியல் மாதிரிகளில் உண்மையிலேயே எதை மாற்றியிருக்கிறது?”

தேர்வுக்கு எழுத வேண்டிய பதில் சுலபம். ஒருவழி இருவழியானது, பெறுநரே அனுப்புநரும் ஆனார், வேகம் கூடியது, தூரம் சுருங்கியது. மதிப்பெண் வந்துவிடும். ஆனால் 20 வருடமாக இந்தப் பாடத்தை நடத்தி வரும் எனக்கு அந்தப் பதிலில் திருப்தி இல்லை. இருவழிப் பேச்சு திண்ணையில் எப்போதும் இருந்ததுதானே. டிஜிட்டல் வந்து மாற்றியது அதைவிடச் சின்னதாகத் தெரியும் ஒன்றை. கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று காட்டுவது, இது நான் பார்த்ததல்ல, கேள்விப்பட்டது என்று சொல்லி வைப்பது, எதிரில் யார் இருக்கிறார் என்று பார்த்துப் பேசுவது, இவையெல்லாம் பேச்சோடு பேச்சாக நாம் நம் குரலால் செய்துவந்த வேலைகள். இவற்றில் பலவற்றை இப்போது கருவி செய்கிறது. சிலவற்றை யாருமே செய்வதில்லை. பழைய படத்தில் இந்த வேலைகளுக்குக் கட்டமே கிடையாது என்பதால்தான், என்ன மாறியது என்று அந்தப் படத்தை வைத்துப் பார்த்தால் தெரியமாட்டேன் என்கிறது.

முதலில் படத்தைப் பற்றிக் கொஞ்சம். 1948ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இருந்த கிளாட் ஷானன் வரைந்தது அது. அவருடைய கவலை தொலைபேசிக் கம்பி. இரைச்சலைத் தாண்டி ஒரு கம்பியில் எவ்வளவு தகவலைப் பிசகாமல் அனுப்ப முடியும் என்பதே அவர் கேட்ட கேள்வி. செய்திக்கு என்ன பொருள் என்பது பொறியியல் சிக்கலுக்குத் தேவையில்லாதது என்று கட்டுரையின் தொடக்கத்திலேயே எழுதிவிட்டார். அடுத்த வருடம் வாரன் வீவரின் விளக்கத்தோடு அது புத்தகமாக வந்தது. அதற்கப்புறம்தான் கம்பிக்கு வரைந்த படத்தை எடுத்து மனிதர்களுக்கு மாட்டினோம். 1954ல் தொடர்பியல் அறிஞர் வில்பர் ஷ்ராம் அதை வட்டமாக்கி, இருவரும் மாறி மாறி அனுப்புகிறார்கள், பெறுகிறார்கள் என்று திருத்தினார். கம்பி அளவில் ஷானன் சொன்னது இன்றைக்கு முன்னைவிட உண்மை. உங்கள் போனில் வந்து விழும் ஒவ்வொரு படமும் அவர் கணக்கில்தான் வருகிறது. ஆளுக்கும் ஆளுக்கும் நடுவில் நடப்பதற்கு அவர் பொறுப்பேற்கவே இல்லை.

சரி, நடுவில் என்ன நடக்கிறது? தமிழில் பிறந்த யாருக்கும் இது தெரியும். பாட்டி கதை சொல்லும்போது ‘ம்’ கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் கதை நின்றுவிடும். “தூங்கிட்டியா?” என்று கேட்பாள். வில்லுப்பாட்டில் இந்த வேலைக்கென்றே ஆள் உண்டு. புலவர் ஒரு வரி சொல்ல, பக்கத்தில் இருப்பவர் “ஆமா” போடுவார். கூட்டத்தின் சார்பில் அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். மொழியியலில் இதற்கு 1970ல்தான் பெயர் கிடைத்தது. விக்டர் இங்வே என்ற ஆய்வாளர், பேச்சு போகும் வழிக்கு எதிர்த்திசையில் ஒரு சின்ன வழி ஓடிக்கொண்டே இருக்கிறது என்று காட்டி, அதைப் ‘பின்வழி’ என்ற பொருளில் அழைத்தார்.

இது வெறும் மரியாதைச் சத்தம் என்று நினைக்க வேண்டாம். கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் ஜேனட் பாவெலாஸ் குழுவினர் ஒரு சோதனை செய்து 2000ல் வெளியிட்டார்கள். ஒருவர் தன் வாழ்க்கையில் மயிரிழையில் தப்பிய சம்பவத்தைச் சொல்ல வேண்டும். கேட்பவருக்கு ரகசியமாக வேறொரு வேலை கொடுத்துவிட்டார்கள்: கதையில் ‘டி’ (T) என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் சொல் வரும்போதெல்லாம் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அவர் ஒவ்வொரு சொல்லையும் காதில் வாங்கினார், ஆனால் கதையைக் கேட்கவில்லை. அதனால் சொன்னவரின் கதையே கெட்டுப்போனது. உச்சக்கட்டம் வரும் இடத்தில் தடுமாறினார்கள், முடிவைச் சொன்னதையே திருப்பிச் சொன்னார்கள், இது ஏன் ஆபத்தான சம்பவம் என்று விளக்கம் கொடுக்க ஆரம்பித்தார்கள். கதையைக் கேட்பவரும் சேர்ந்துதான் சொல்கிறார். ஷானன் படத்தில் ‘பெறுநர்’ கட்டத்தில் உட்கார வைத்திருக்கிறோமே, அந்த ஆள் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை.

இதை மனதில் வைத்துக்கொண்டு ஒரு குரல் செய்தியைக் கேளுங்கள். என் அம்மாவுக்கு 74 வயது, கோவில்பட்டியில் இருக்கிறார். டைப் அடிக்க வராது. மைக் படத்தை அழுத்திப் பிடித்துப் பேசுவார். ஒரு செய்தியை அப்படியே எழுதுகிறேன். “நேத்து பேச்சியம்மா மக வந்திருந்தா.” ஒரு இடைவெளி. “ஆமா, மூத்தவதான். உன்னைய விசாரிச்சா.” மறுபடி இடைவெளி. “சாப்பிட்டியாய்யா?” இந்த முறை கொஞ்சம் நீளமான இடைவெளி, பின்னால் பக்கத்து வீட்டுச் சேவல் கூவுகிறது. “சரி சரி. வச்சிரட்டா?”

நான் அங்கே இல்லை. ஆனால் “யாரு, மூத்தவளா?” என்று நான் கேட்க வேண்டிய இடத்தை விட்டு வைத்து, நான் கேட்டதாக எடுத்துக்கொண்டு பதிலும் சொல்கிறார். போனை வைக்க அனுமதிகூடக் கேட்கிறார். தன் பேச்சில் எனக்கு ஒரு இடம் ஒதுக்காமல் அவருக்குப் பேச வராது. 2021ல் வாட்ஸ்அப் குரல் செய்திகளை ஒன்றரை, இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டும் வசதியைக் கொடுத்தது. மாணவர்கள் பலர் அப்படித்தான் கேட்கிறார்கள். அம்மாவின் செய்தியை நான் அப்படிக் கேட்பதில்லை. வேகம் கூட்டினால் முதலில் சுருங்குவது எனக்காக அவர் விட்ட அந்த இடம்தான்.

குரலில் இப்படி என்றால் எழுத்தில் ‘ம்’ கொட்டுவது யார்? 2014 நவம்பரில் வந்த நீல டிக். ஒரு டிக் போனால் அனுப்பியாயிற்று, இரண்டு வந்தால் சேர்ந்துவிட்டது, நீலமானால் படித்தாயிற்று. ‘ம்’ செய்த வேலையைத்தான் இதுவும் செய்கிறது என்று தோன்றும். ஆனால் ‘ம்’ நான் கொடுப்பது. நீல டிக் என்னிடமிருந்து எடுத்துக்கொள்ளப்படுவது. ‘ம்’மில் எத்தனை வகை இருக்கிறது பாருங்கள். மேலே சொல்லு என்று ஒரு ம், நம்ப முடியவில்லையே என்று ஒரு ம், போதும் முடி என்று ஒரு ம், வருத்தத்தில் இழுக்கும் ஒரு ம். டிக்கில் ஒரே ஒரு நீலம். சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் வெகு காலத்துக்கு முன்பே, ஒருவர் வேண்டுமென்று தரும் குறிப்பு வேறு, அவரை அறியாமல் அவரிடமிருந்து கசியும் குறிப்பு வேறு என்று பிரித்துச் சொன்னார். நீல டிக், ‘கடைசியாகப் பார்த்தது’, ‘டைப் செய்கிறார்’ எல்லாம் கசிவை இயந்திரம் ஏற்பாடு செய்து அனுப்பும் வகை. “பார்த்துட்டுப் பதில் போடல” என்ற குற்றச்சாட்டு கடிதக் காலத்தில் சாத்தியமே இல்லை. பதில் வராவிட்டால் பழி தபால்காரர் மேல் போகும். இப்போது மௌனத்துக்கு முழுப் பொறுப்பும் ஆளின் தலையில்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, இதைக் கட்டாயம் உங்கள் பதிலில் சேருங்கள். ஷானன் படத்தில் இரைச்சல் கம்பியில் சேர்கிறது. மனிதர்கள் அதை ஆளில் சேர்க்கிறார்கள். நேரில் பேசும்போது ஒருவர் முடித்து மற்றவர் தொடங்க எடுக்கும் நேரம் சராசரியாக ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு, அவ்வளவுதான். வெவ்வேறு கண்டங்களைச் சேர்ந்த 10 மொழிகளை ஒப்பிட்டு 2009ல் மொழியியலாளர் ஸ்டைவர்ஸ் குழுவினர் இதைக் கண்டார்கள். இவ்வளவு துல்லியமான நேரத்துக்குப் பழகியவர்கள் நாம். 2014ல் ஜெர்மனியில், இணைப்பில் செயற்கையாகத் தாமதம் சேர்த்துப் பேச வைத்தார்கள். 1.2 விநாடித் தாமதத்திலேயே, எதிர்முனையில் இருப்பவர் கவனம் இல்லாதவர், அவ்வளவு நட்பாக இல்லை என்று பேசியவர்கள் மதிப்பிட்டார்கள். கோளாறு இணைப்பில், கெட்ட பெயர் ஆளுக்கு. துபாயிலிருந்து வீடியோ காலில் பேசும் கணவன் “ஏன் ஒரு மாதிரி பேசுறே?” என்று கேட்டு வரும் சண்டைகளில் எத்தனை சண்டை உண்மையில் வைஃபை சண்டை என்று நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

பேச்சு தொடங்கும் இடமும் மாறிவிட்டது. ‘ஹலோ’ என்பதைத் தொலைபேசிக்கு 1877ல் பரிந்துரைத்தவர் எடிசன். கிரகாம் பெல் ‘அஹோய்’ வேண்டும் என்றார். 1968ல் சமூகவியலாளர் இமானுவேல் ஷெக்லாஃப் சுமார் 500 தொலைபேசி அழைப்புகளின் தொடக்கத்தை மட்டும் ஆராய்ந்தார். எடுத்தவர்தான் முதலில் பேசுகிறார் என்ற விதி ஒரே ஒரு அழைப்பில் மட்டும் உடைந்திருந்தது. அந்த ஒன்றை ஒதுக்காமல் யோசித்ததால்தான், மணி அடிப்பதே ஒரு கூப்பிடுதல், ‘ஹலோ’ அதற்குப் பதில் என்று அவரால் சொல்ல முடிந்தது. லேண்ட்லைனில் இடம் தெரியும், ஆள் தெரியாது. அதனால் “ஹலோ, யாரு பேசறது?” கைபேசியில் பெயர் திரையிலேயே வந்துவிடுகிறது. ஆள் தெரியும், இடம் தெரியாது. அதனால் எடுத்ததும் “சொல்லுங்க”, கூப்பிட்டவர் அடுத்து “எங்க இருக்கீங்க?” என்கிறார். ‘சொல்லுங்க’ என்ற சொல்லில் ‘நீங்கள் யாரென்று எனக்குத் தெரியும்’ என்பதும் அடக்கம். நாம் நம்பரை அழித்துவிட்ட ஒருவர் கூப்பிட, அவரிடம் தப்பித் தவறி “யாருங்க?” என்று கேட்டுவிட்டால் மனசு கஷ்டமாகிவிடுவது இதனால்தான்.

அடுத்தது எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுவது. தமிழில் ஒரு சின்ன விகுதி இருக்கிறது: ‘ஆம்’. “மழை வருது” என்றால் நான் பார்த்தேன். “மழை வருதாம்” என்றால் யாரோ சொன்னார்கள், எனக்குத் தெரியாது. ஊர்வம்பு முழுக்க இந்த ‘ஆம்’ மேல்தான் ஓடியது. “அந்தப் பொண்ணு வீட்டை விட்டுப் போயிருச்சாம்”, “அவங்களுக்குள்ள பேச்சு இல்லையாம்”. வம்பு பேசுகிறவர்கூட இலக்கணப்படி உண்மையைச் சொல்கிறார்: இது என் கண் கண்டதில்லை. கேட்பவரும் அந்த அளவுக்குத்தான் நம்புவார்.

பார்வர்டு பொத்தான் இந்த ‘ஆம்’ஐ எடுத்துவிட்டது. இன்னொருவர் பேச்சை என் வாயால் சொல்லும்போது அவருடைய ‘நான்’ஐ நான் அப்படியே சொல்ல முடியாது, “தான் பார்த்ததாச் சொன்னான்” என்று மாற்றியாக வேண்டும். பார்வர்டில் எதையும் மாற்ற வேண்டாம். முன்பின் தெரியாத ஒருவர் “நான் என் கண்ணால பார்த்தேன், பிள்ளை பிடிக்கிறவங்க நம்ம ஏரியாவுக்கு வந்துட்டாங்க” என்று பேசிய குரல், பெரியப்பா நம்பரிலிருந்து நமக்கு வருகிறது. அந்த ‘நான்’ யாருடையது என்று யாருக்கும் தெரியாது. பெரியப்பா பொய் சொல்லவில்லை. அவர் எதையுமே சொல்லவில்லை, அனுப்பினார். ஆனால் பெரியப்பா மேல் நமக்கு இருக்கும் நம்பிக்கை முழுவதும் அந்தக் குரலுக்குப் போய்விடுகிறது.

2018ல் தமிழ்நாட்டின் வட மாவட்டங்களில் இப்படித்தான் பிள்ளை பிடிப்பவர்கள் பற்றிய வதந்தி பரவியது. மே மாதத்தில் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோவிலுக்குப் போக காரில் வந்த சென்னைக் குடும்பத்தினரைக் கூட்டம் சூழ்ந்தது. குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார் என்பதற்காக 65 வயதுப் பெண் ஒருவர் அடித்தே கொல்லப்பட்டார். ஜூலை 1 அன்று மகாராஷ்டிராவின் துலே மாவட்டத்தில் அதே வதந்தி ஐந்து பேரைக் கொன்றது. அந்த ஜூலையில்தான் வாட்ஸ்அப், பார்வர்டு ஆன செய்திகளுக்கு மேல், இது பார்வர்டு ஆனது என்று ஒரு வரி போட ஆரம்பித்தது. இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் அனுப்ப முடியாதபடி கட்டுப்படுத்தியது. 2019 ஜனவரியில் இந்தக் கட்டுப்பாடு உலகம் முழுவதற்கும் வந்தது. 2020 ஏப்ரலில், பல கை மாறி வந்த செய்தியை ஒரு தடவைக்கு ஒரு இடத்துக்கு மட்டும்தான் அனுப்பலாம் என்று மேலும் இறுக்கினார்கள். செய்திக்கு மேலே சாய்ந்த எழுத்தில் வரும் அந்த வரி வேறு ஒன்றும் இல்லை, இயந்திரம் போடும் ‘ஆம்’. நம் பாட்டிகள் மூச்சு விடுவதுபோலச் செய்ததை, உயிர்கள் போன பிறகு ஒரு நிறுவனம் மென்பொருளில் சேர்க்க வேண்டி வந்தது. அப்படியும் அது பாட்டியின் ‘ஆம்’ ஆகவில்லை. யாரும் அந்த வரியை உரக்கப் படிப்பதில்லையே.

உங்கள் பாடத்தில் லாசர்ஸ்ஃபெல்ட் வருவார். 1940 அமெரிக்கத் தேர்தலின்போது ஒஹையோவின் ஈரி வட்டாரத்தில் ஆய்வு செய்து, ஊடகம் நேராக மக்களைத் தொடுவதைவிட, நாலு விஷயம் தெரிந்த உள்ளூர்க்காரர் வழியாகவே கருத்து போகிறது என்றவர். இரண்டு படி ஓட்டம். அது செத்துவிட்டது என்று சிலர் எழுதுகிறார்கள், நான் அப்படி நினைக்கவில்லை. படி இருக்கிறது, ஆளும் இருக்கிறார். டீக்கடையில் பேப்பர் படித்துச் சொன்னவர் தன் சொல்லில் சொன்னார், “அப்படி எல்லாம் இருக்காதுப்பா” என்று இடையில் தன் கருத்தையும் போட்டார். பார்வர்டு பொத்தானில் அந்தச் சல்லடை இல்லை.

குடும்பக் குழுவுக்கு வருவோம். தமிழில் ஒரு வாக்கியத்தை முடிக்க வேண்டுமென்றால் எதிரில் யார் என்று தெரிய வேண்டும்: வா, வாங்க, வாருங்கள். குழுவில் பெரியப்பாவும் இருக்கிறார், பத்தாவது படிக்கும் அக்கா மகனும் இருக்கிறான், இன்னும் சரியாகப் பழகாத சம்பந்தி வீட்டாரும் இருக்கிறார்கள். எந்த முடிவைப் போடுவது? வெவ்வேறு கூடங்களில் வெவ்வேறு மாதிரி பேசும் ஆள், எல்லாக் கூடங்களும் ஒன்றாகிப்போன இடத்தில் நிற்கிறார். இதைச் ‘சூழல் சரிவு’ என்ற பொருளில் டேனா பாய்டு போன்ற ஆய்வாளர்கள் பேசினார்கள். நம் மக்கள் என்ன செய்கிறார்கள் என்று கவனித்தீர்களா? “அனைவரும் ஞாயிறு காலை 9 மணிக்குள் வரவும்.” வீட்டில் யாரும் பேசாத ‘வரவும்’. சுற்றறிக்கையிலும் அறிவிப்புப் பலகையிலும் இருந்த இந்த வடிவத்தில் மரியாதை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. யார் படித்தாலும் பொருந்தும், யாரையும் பார்த்துச் சொன்னதாகவும் ஆகாது. பாசமான குடும்பங்கள்கூடக் குழுவில் அலுவலகத் தமிழில் பேசிக்கொள்வதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். பெரியவர்கள் எழுதியதற்குக் கட்டைவிரல் படம் மட்டும் போட்டால் சில வீடுகளில் வருத்தம் வருவதும் இதோடு சேர்ந்ததுதான். அந்தப் படத்தில் ‘ங்க’ இல்லை.

எந்த வழியில் சொல்கிறோம் என்பதே ஒரு செய்தியாகிவிட்டது. பிரிட்டனில் வேலை செய்யும் பிலிப்பைன்ஸ் தாய்மார்களையும் ஊரில் வளரும் அவர்களின் பிள்ளைகளையும் ஆராய்ந்த மிர்கா மதியானூவும் டேனியல் மில்லரும் 2012ல் இதை அழகாகச் சொன்னார்கள். ஒரு காலத்தில் கடிதமா, கேசட்டா, போனா என்பதைக் காசு முடிவு செய்தது. எல்லாமே கையில் வந்து, செலவும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று ஆன பிறகு, ஏன் இதைத் தேர்ந்தெடுத்தாய் என்ற கேள்வி வருகிறது. தேர்வுக்கு ஆள் பொறுப்பாகிறார். நம் கல்யாணப் பத்திரிகையைப் பாருங்கள். தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து நேரில் கொடுப்பது, தபாலில் அனுப்புவது, போனில் சொல்லிவிட்டு வாட்ஸ்அப்பில் போடுவது, எதுவும் சொல்லாமல் வாட்ஸ்அப்பில் மட்டும் போடுவது. நான்கிலும் பத்திரிகை ஒன்றே, எழுத்து ஒன்றே. யாருக்கு எது போனது என்று சொந்தபந்தம் கணக்கு வைத்திருக்கும். “இதையே நேரில் அழைத்ததாக ஏற்றுக்கொள்ளவும்” என்ற வரி நேரில் வரவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறது. துக்கத்திலும் அப்படியே. நல்லதுக்குக் கூப்பிட்டால் போக வேண்டும், கெட்டதுக்குக் கூப்பிடாமலே போக வேண்டும் என்ற ஊரில், “ஆழ்ந்த இரங்கல்” என்று டைப் செய்தவர் போனதாகக் கணக்கா என்று இன்னும் முடிவாகவில்லை.

முகநூல், இன்ஸ்டாகிராம் விஷயம் உங்களுக்கு நன்றாகத் தெரியும் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். ஷானனின் கம்பி, இந்தச் செய்தி இவருக்குப் போகட்டும், அவருக்கு வேண்டாம் என்று முடிவு செய்யாது. 2006ல் முகநூல் தொடங்கிய நியூஸ் ஃபீட் போன்றவை அதைத்தான் செய்கின்றன. உங்கள் விரல் எங்கே நின்றது என்று பார்த்து, அடுத்து என்ன காட்டுவது என்று தீர்மானிக்கும்போது, வழி என்று நாம் வரைந்த கோடு பேச்சில் ஒரு ஆளாகிவிடுகிறது.

இப்போது அது வாயும் திறக்கிறது. 2015ல் கூகுள் தன் மின்னஞ்சல் செயலியில் தயார் பதில்களைக் காட்டத் தொடங்கியது. இன்று இரங்கல் கடிதமே எழுதிக் கொடுக்கும் கருவிகள் இருக்கின்றன. கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உட்பட ஒரு குழு 2023ல் வெளியிட்ட ஆய்வில், தயார் பதில்களைப் பயன்படுத்தியவர்கள் வேகமாகப் பேசினார்கள், இனிமையான சொற்களும் கூடின. ஆனால் எதிரில் இருப்பவர், ‘இவர் தயார் பதில்தான் போடுகிறார்’ என்று சந்தேகப்பட்டால் அவரைக் குறைத்தே மதிப்பிட்டார். சொல் இனித்தது, ஆள் கசந்தார். கொட்டுவதற்கு ஆள் இல்லாத ‘ம்’ யாருக்கும் வேண்டாம் போலிருக்கிறது.

ஆகவே அசைன்மென்டுக்குப் பழைய படத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுப் படம் தேட வேண்டாம். ஒரு வேலை செய்யுங்கள். வீட்டில் ஒரு பெரியவரிடம் அனுமதி கேட்டு, அவர் நேரில் உங்களிடம் ஒரு சம்பவம் சொல்வதைப் பதிவு செய்யுங்கள். அதே சம்பவத்தை இன்னொருவருக்குக் குரல் செய்தியாக அனுப்பச் சொல்லுங்கள். இரண்டையும் எழுத்தில் இறக்கி, நேரில் சொன்னதில் எங்கெங்கே ‘ம்’ விழுந்தது, எந்த ‘ம்’, குரல் செய்தியில் அதே இடங்களில் என்ன இருக்கிறது, எங்கே ‘ஆம்’ வந்தது, எங்கே காணோம் என்று சிவப்பு மையில் குறியுங்கள். குரல் செய்தியில் ஏதோ ஓர் இடத்தில் அவர் பேச்சை நிறுத்தி, “கேக்குதா?” என்று கேட்டிருந்தால், அந்த இடத்தை இரண்டு முறை அடிக்கோடிட்டு அங்கிருந்து எழுத ஆரம்பியுங்கள்.